கரன்ட் போச்சு, கணக்கும் போச்சா? டேட்டாபேஸ் டேபிளை கிராஷ்ல இருந்து காப்பாத்துறது எப்படி

(போட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட்ல இண்டெக்ஸ் பத்திப் பேசினோம். இந்த வாரம் கேஷிங் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். ஏன்னா நடுவுல ஊருக்குப் போயிருந்தேன், அங்க ஒரு சம்பவம் ஆச்சு. அதைச் சொல்லாம வேற எதையும் பேச மனசு வரல.

எங்க ஊர் ஏரியூர். தெரியாதவங்களுக்கு: தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா மேட்டூர் அணையோட நீர்த்தேக்கம். 1934-ல திறந்த அணை, அதே தண்ணில கரன்ட்டும் எடுக்கிறாங்க. ஆனா ஒரு காத்து மழை அடிச்சா எங்க தெருவுல முதல்ல போறது கரன்ட்தான்.

அங்க எங்க சித்தப்பா உரக்கடை வெச்சிருக்காரு. நிலக்கடலை, கேழ்வரகு, மரவள்ளி போடுற விவசாயிங்கதான் வாடிக்கை. பாதி வியாபாரம் கடன். விதைக்கும்போது உரம் வாங்குவாங்க, வெள்ளாமை வித்ததும் வந்து கட்டுவாங்க. முன்னாடி எல்லாம் நோட்டுல இருந்துச்சு. பல வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தாரு. அடியில மைஎஸ்க்யூஎல். நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் இடி மழை. கரன்ட் போச்சு. யூபிஎஸ் இருந்துச்சு, ஆனா பேட்டரி செத்து எவ்வளவு நாளாச்சோ யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் பொட்டுனு அணைஞ்சிடுச்சு. காலைல ஆன் பண்ணா, சாஃப்ட்வேர் திறக்குது, ஆனா ரசீது பக்கம் போனா எர்ரர். "டேபிள் கிராஷ் ஆனதா குறிக்கப்பட்டிருக்கு, ரிப்பேர் பண்ணணும்"னு.

சித்தப்பா கூப்பிட்டாரு. "தம்பி, நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே, வந்து பாருடா"ன்னு. நானும் கெத்தா போய் உட்கார்ந்தேன். "ரிப்பேர் டேபிள்"னு ஒரே கமாண்ட். என்டர் தட்டினேன். சரியாயிடுச்சு. கீழ ஒரு வரி வந்துச்சு: வரிசைகளோட எண்ணிக்கை 18,216-ல இருந்து 18,212-ஆ மாறிடுச்சுன்னு. நாலு வரிசைதானே, பழைய குப்பை ஏதாவது இருக்கும்னு நினைச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு பெரியவர் கடைக்கு வந்தாரு. மறுபடி உரம் கேட்டாரு. கடைப் பையன் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "ஐயா, பழைய பாக்கி 6,500 அப்படியே இருக்கே"ன்னான். அவருக்கு முகம் மாறிடுச்சு. "மழை வந்த அன்னைக்குத்தானே கட்டினேன்"னு சொல்லி சட்டைப் பையில இருந்து மடிச்சு வெச்ச ரசீதை எடுத்து நீட்டினாரு. எங்க கடை பிரின்டர்ல எங்க சாஃப்ட்வேர் அடிச்ச ரசீது. கம்ப்யூட்டர்ல அது இல்ல.

சித்தப்பா ரசீதை வாங்கிப் பாத்தாரு, திருப்பிக் கொடுத்தாரு. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: "பேப்பர் பொய் சொல்லாது தம்பி. உன் பொட்டிதான் பொய் சொல்லுது."

நாலு வரிசையில ஒண்ணு இவரோடது. மத்த மூணு பேரும் ரசீதைப் பத்திரமா வெச்சிருப்பாங்களா? இன்னைய எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விதான். கம்ப்யூட்டர் "வாங்கிட்டேன்"னு சொன்னதுக்கு அப்புறம் அது எப்படிக் காணாமப் போகும்? போகாம இருக்க என்ன பண்ணணும்?

எழுதிட்டேன்னு சொன்னா எழுதிட்டதா அர்த்தம் இல்ல

நாம ஒரு புரோகிராம்ல ஃபைலுக்கு எழுதுறோம். அது நேரா டிஸ்க்குக்குப் போகாது. முதல்ல புரோகிராமோட சொந்த மெமரி. அப்புறம் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கேஷ். அதுவும் ரேம்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் "சரி, எழுதியாச்சு"ன்னு நம்மகிட்ட சொல்லிடும், ஆனா சாவகாசமா பின்னாடிதான் டிஸ்க்குக்கு அனுப்பும். லினக்ஸ்ல வழக்கமான செட்டிங்ல ஒரு மாற்றம் 30 நொடி வரைக்கும் ரேம்லயே உட்கார்ந்திருக்கலாம். அதுக்கும் கீழ, டிஸ்க்குக்குள்ளயே ஒரு சின்ன கேஷ் இருக்கு. அதுவும் கரன்ட் போனா காலி.

ஆக, பெரியவர் காசு கொடுத்தாரு, பையன் என்டர் தட்டினான், சாஃப்ட்வேர் எழுதிட்டேன்னு நம்பிச்சு, பிரின்டர் ரசீது அடிச்சிடுச்சு. டேட்டா மட்டும் இன்னும் ரேம்ல. அந்த இடைவெளியில கரன்ட் போச்சு. பேப்பர் தப்பிச்சிடுச்சு, டேட்டா தப்பிக்கல.

இந்த இடைவெளியை மூடத்தான் எஃப்சிங்க்னு ஒரு சிஸ்டம் கால் இருக்கு. "சும்மா சொல்லாத, நிஜமா டிஸ்க்ல இறங்குற வரைக்கும் எனக்குப் பதில் சொல்லாத"ன்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துகிட்ட கறாரா கேட்கிறது. பாதுகாப்பு, ஆனா ரொம்ப மெதுவு. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் டேட்டா ஃபைல் முழுக்க அங்கங்க எழுதி எஃப்சிங்க் பண்ணா கடையில கியூ தெருவரைக்கும் நிக்கும்.

மைஐசாம்: வேகம் இருந்துச்சு, சிட்டை இல்ல

சித்தப்பா கடை டேபிள் எல்லாம் மைஐசாம் இன்ஜின். மைஎஸ்க்யூஎல்ல ரொம்ப காலம் அதுதான் டிஃபால்ட். 2010 கடைசில வந்த 5.5 வெர்ஷன்லதான் இன்னோடிபி டிஃபால்ட் ஆச்சு. அதுக்கு முன்னாடி எழுதின எத்தனையோ கடை சாஃப்ட்வேர், ஸ்கூல் சாஃப்ட்வேர் இன்னும் மைஐசாம்லதான் ஓடிட்டு இருக்கு.

மைஐசாம்ல ஒரு டேபிளுக்கு டேட்டா ஒரு ஃபைல், இண்டெக்ஸ் இன்னொரு ஃபைல். இண்டெக்ஸ் ஃபைலோட தலைப்புல "மொத்தம் எத்தனை வரிசை, இந்த டேபிளை இப்ப யாராவது திறந்து மாத்திட்டு இருக்காங்களா"ன்னு குறிப்பு இருக்கும். கரன்ட் போகும்போது டேபிள் திறந்திருந்தா அந்தக் குறிப்பு அப்படியே நின்னுடும். மறுபடி ஆன் பண்ணும்போது அதைப் பாத்துட்டுத்தான் "கிராஷ் ஆகியிருக்கு"ன்னு சொல்லுது. எங்க கேஸ்ல இண்டெக்ஸ் தலைப்பு 18,216-னு டிஸ்க்ல இறங்கிடுச்சு. டேட்டா ஃபைல்ல கடைசி நாலு வரிசை இறங்கல. ரிப்பேர் கமாண்ட் டேட்டா ஃபைலை முதல்ல இருந்து படிச்சு, கிடைச்சதை வெச்சு இண்டெக்ஸைப் புதுசா கட்டும். டிஸ்க்குக்கே வராததை அது எங்க இருந்து கொண்டு வரும்?

இன்னொரு அசிங்கமும் இருந்துச்சு. பில் தலைப்பு ஒரு டேபிள், பில்லுல இருக்கிற பொருள் வேற டேபிள். ஒரு பில்லுக்குத் தலை இருக்கு, உடம்பு இல்ல. மொத்தத் தொகை இருக்கு, என்ன வாங்கினாங்கன்னு இல்ல. ஏன்னா மைஐசாம்ல டிரான்சாக்‌ஷனே கிடையாது. "ரெண்டும் சேர்ந்து நடக்கணும், இல்லன்னா ரெண்டும் நடக்கக் கூடாது"ன்னு அதுகிட்ட சொல்லவே முடியாது.

சிட்டையும் பேரேடும்

இதுக்கு விடை கம்ப்யூட்டருக்கு முன்னாடியே நம்ம மளிகைக் கடைக்காரங்ககிட்ட இருந்துச்சு. சித்தப்பாவோட அப்பா, எங்க தாத்தா, ரெண்டு நோட்டு வெச்சிருந்தாரு. ஒண்ணு சிட்டை. நாள் முழுக்க நடக்கிறது எல்லாம் நடந்த வரிசையில அதுல ஏறும். இன்னொண்ணு பேரேடு. ஆளுக்கு ஒரு பக்கம். ராத்திரி கடையைச் சாத்திட்டு சிட்டையைப் பாத்துப் பாத்துப் பேரேட்டுல ஏத்துவாரு. கூட்டம் நிக்கும்போது பேரேட்டைப் புரட்டி அவங்கவங்க பக்கத்தைத் தேட நேரம் இருக்காது. சிட்டையில அடுத்த வரியில எழுதிட்டா போதும், காசு வாங்கினதுக்கு அத்தாட்சி ஆயிடும். ராத்திரி பாதியில விளக்கு அணைஞ்சாலும் பயம் இல்ல. காலைல சிட்டையைத் திறந்து விட்ட இடத்துல இருந்து ஏத்திக்கலாம்.

டேட்டாபேஸ்ல இதுக்குப் பேரு ரைட் அஹெட் லாகிங். சுருக்கமா டபிள்யூஏஎல். விதி ஒண்ணுதான்: பேரேட்டைத் தொடுறதுக்கு முன்னாடி சிட்டை டிஸ்க்ல இறங்கியிருக்கணும். சிட்டை வரிசையா, கடைசில மட்டும் எழுதுற ஃபைல். அதனால அதை மட்டும் எஃப்சிங்க் பண்றது கட்டுப்படியாகும். எஃப்சிங்க் முடிஞ்சதும் "கமிட்"னு பதில். பேரேடு, அதாவது நிஜ டேபிள் ஃபைல், சாவகாசமா பின்னாடி மாறிக்கும்.

இதை முழுமையா ஒழுங்குபடுத்தினதுல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரு. சி. மோகன். தமிழ்நாட்டுல பிறந்தவர், ஐஐடி மெட்ராஸ்ல 1977-ல பட்டம். படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங். அப்புறம் அமெரிக்கா போய் டெக்சாஸ் யுனிவர்சிட்டில பிஎச்டி, 1981-ல ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்துல சேர்ந்தாரு. அவரும் டான் ஹேடர்லி, புரூஸ் லிண்ட்ஸே, ஹமீத் பிராஹேஷ், பீட்டர் ஷ்வார்ஸும் சேர்ந்து 1992-ல வெளியிட்ட பேப்பர்தான் ஏரீஸ். கிராஷுக்கு அப்புறம் டேட்டாபேஸ் எப்படி எழுந்திரிக்கணும்னு சொல்ற வழிமுறை. ஐபிஎம்மோட டிபி2, மைக்ரோசாஃப்ட்டோட எஸ்க்யூஎல் சர்வர் இதுல எல்லாம் அந்த யோசனைங்க இருக்கு. இன்னோடிபி பண்றதும் கிட்டத்தட்ட இந்த வழிதான்.

ஏரீஸ்ல மூணு கட்டம். முதல்ல அலசல்: கடைசியா போட்ட செக்பாயின்ட்ல இருந்து சிட்டையைப் படிச்சு, கரன்ட் போனப்ப எந்தெந்த டிரான்சாக்‌ஷன் பாதியில நின்னுச்சு, எந்தப் பக்கம் எல்லாம் டிஸ்க்குக்கு வராம இருந்திருக்கலாம்னு கண்டுபிடிக்கிறது. ரெண்டாவது ரீடூ: நடந்தது எல்லாத்தையும், பாதியில நின்னதையும் சேர்த்து, அதே வரிசையில மறுபடி நடத்துறது. மூணாவது அன்டூ: பாதியில நின்னதை மட்டும் பின்னாடியில இருந்து ஒவ்வொண்ணா ரத்து பண்றது.

கேட்கிறவங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சிட்டையில இருக்கிறதை எல்லாம் மறுபடி ஏத்தினா, ஏற்கனவே பேரேட்டுல ஏறினது ரெண்டு தடவை ஏறிடாதா? பெரியவர் 6,500 கட்டினதை 13,000-ஆ ஆக்கிடாதா? ஆகாது. சிட்டையில ஒவ்வொரு வரிக்கும் ஏறுவரிசையில ஒரு நம்பர் உண்டு, எல்எஸ்என்னு சொல்வாங்க. பேரேட்டோட ஒவ்வொரு பக்கத்துலயும் "என் மேல கடைசியா ஏறினது இந்த நம்பர்"னு குறிச்சிருக்கும். பக்கத்துல இருக்கிற நம்பர் சிட்டை வரியோட நம்பருக்குச் சமமாவோ பெருசாவோ இருந்தா, அது ஏற்கனவே ஏறியாச்சு, தாண்டிப் போ. தாத்தா சிட்டையில டிக் போடுவாரே, அதே வேலை.

ரீகவரி நடந்துட்டு இருக்கும்போதே மறுபடி கரன்ட் போனா? எங்க ஊர்ல இது கற்பனை இல்ல, கரன்ட் வந்து வந்து போகும். ஏரீஸ்ல ரத்து பண்ற வேலையும் சிட்டையில எழுதப்படும். அதனால எத்தனை தடவை விழுந்தாலும் ரத்து பண்ணதையே மறுபடி ரத்து பண்ணாம, விட்ட இடத்துல இருந்து தொடரும்.

கிழிஞ்ச பக்கம்

சிட்டை மட்டும் போதுமான்னா, ஒரு ஓட்டை இருக்கு. இன்னோடிபில ஒரு பக்கம் 16 கேபி, போஸ்ட்கிரெஸ்ல 8 கேபி. டிஸ்க் இதை ஒரே மூச்சுல எழுதும்னு உத்தரவாதம் இல்ல. அதுக்குத் தெரிஞ்சது 512 பைட் அல்லது 4 கேபி துண்டுதான். பக்கம் பாதி எழுதும்போது கரன்ட் போனா, மேல பாதி புதுசு, கீழ பாதி பழசு. இதுக்குப் பேரு டார்ன் பேஜ். சிட்டையில "இந்தப் பக்கத்துல இந்த இடத்துல இதை மாத்து"ன்னுதான் இருக்கும். பக்கமே கிழிஞ்சிருந்தா எதுல மாத்துறது?

இன்னோடிபி இதுக்கு டபுள்ரைட் வெச்சிருக்கு. பக்கத்தை அதோட இடத்துல எழுதுறதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல முழு நகல் எழுதிடும். நகல் எழுதும்போது கரன்ட் போனா, அசல் பழசா இருந்தாலும் முழுசா இருக்கு. அசல் எழுதும்போது போனா, நகல் முழுசா இருக்கு. போஸ்ட்கிரெஸ் வேற வழி: செக்பாயின்ட்டுக்கு அப்புறம் ஒரு பக்கம் முதல் தடவை மாறும்போது, அந்தப் பக்கம் முழுசையும் சிட்டைக்குள்ளயே போட்டுடும். ஃபுல் பேஜ் ரைட்ஸ்னு செட்டிங் பேரு. இணையத்துல "பெர்ஃபார்மன்ஸ் டிப்ஸ்"னு இது ரெண்டையும் அணைக்கச் சொல்ற ஆளுங்க இருக்காங்க. கிழிஞ்ச பக்கம் வராதுன்னு ஃபைல் சிஸ்டமே உறுதி கொடுத்தா ஒழிய, கேட்காதீங்க.

எஃப்சிங்க்கே பொய் சொன்னா?

2018-ல போஸ்ட்கிரெஸ் உலகத்துல ஒரு பெரிய கலக்கம். எஃப்சிங்க் ஒரு தடவை தோத்துப் போச்சுன்னா, மறுபடி கூப்பிட்டுப் பாக்கலாம்னு அவங்க பல வருஷமா நம்பியிருந்தாங்க. ஆனா லினக்ஸ்ல எஃப்சிங்க் தோத்ததை ஒரு தடவை சொல்லிட்டு, எழுத முடியாத அந்தப் பக்கத்தையும் "சுத்தம்"னு குறிச்சு விட்டுடும். ரெண்டாவது தடவை கூப்பிட்டா "எல்லாம் ஓகே"ன்னு பதில் வரும். டேட்டா போயே போச்சு. 2019 பிப்ரவரில வந்த அப்டேட்கள்ல இதை மாத்தினாங்க. இப்ப டேட்டா ஃபைல்ல எஃப்சிங்க் தோத்தா போஸ்ட்கிரெஸ் அதை நம்பிட்டுத் தொடராது. தானே விழுந்து, சிட்டையில இருந்து மறுபடி எழுந்திரிக்கும். தெரிஞ்சே விழுறது, தெரியாம பொய்க் கணக்கு வெச்சிருக்கிறதை விட மேல்.

அப்ப நாம என்ன பண்ணணும்?

ஒண்ணு. உங்க டேபிள் எந்த இன்ஜின்னு பாருங்க. "ஷோ டேபிள் ஸ்டேட்டஸ்" கொடுத்தா தெரியும். மைஐசாம் இருந்தா பேக்கப் எடுத்துட்டு, "ஆல்டர் டேபிள்" போட்டு இன்னோடிபிக்கு மாத்துங்க.

ரெண்டு. இன்ஜின் மாத்தினா மட்டும் உடம்பில்லாத பில் பிரச்சினை தீராது. கோடுல "ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன்", "கமிட்" ரெண்டுக்கும் நடுவுல பில் தலைப்பு, பொருள் எல்லாம் வரணும். இல்லன்னா ஒவ்வொரு இன்சர்ட்டும் தனித்தனி டிரான்சாக்‌ஷன்தான். முக்கியமா, கமிட் வெற்றின்னு பதில் வந்த அப்புறம்தான் பிரின்டரைத் தொடணும். ரசீதுங்கிறது ஒரு வாக்கு.

மூணு. இன்னோடிபில "ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்"னு ஒரு செட்டிங். டிஃபால்ட் 1, ஒவ்வொரு கமிட்டுக்கும் சிட்டை டிஸ்க்ல இறங்கும். 2 வெச்சா மைஎஸ்க்யூஎல் மட்டும் விழுந்தா தப்பிக்கும், கரன்ட் போனா கடைசி ஒரு நொடி கணக்கு போகலாம். பணம் சம்பந்தப்பட்டதுன்னா 1-ஐத் தொடாதீங்க. போஸ்ட்கிரெஸ்ல "சின்க்ரோனஸ் கமிட்" ஆஃப் பண்ணா கடைசி சில கமிட் போகலாம், ஆனா டேபிள் கெடாது. "எஃப்சிங்க்" ஆஃப் பண்ணா டேபிளே கெடலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

நாலு. யூபிஎஸ் இருந்தா போதாது. யூஎஸ்பி ஒயர்ல கம்ப்யூட்டரோட இணைச்சு, பேட்டரி குறைஞ்சா தானா ஷட்டவுன் ஆகுற மாதிரி வையுங்க. மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கி பேட்டரி தாங்குதான்னு பாருங்க. சர்வருக்கு எஸ்எஸ்டி வாங்கினா, கரன்ட் போனாலும் கேஷைக் காலி பண்ற அளவுக்கு கெப்பாசிட்டர் வெச்ச மாடலா பாருங்க.

அஞ்சு. டெஸ்ட் பண்றேன்னு "கில் மைனஸ் 9" மட்டும் போட்டு திருப்தி ஆகாதீங்க. அது டேட்டாபேஸைத்தான் கொல்லும், ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கேஷ் உயிரோட இருக்கும். கரன்ட் போறது வேற. அதை டெஸ்ட் மெஷின்ல நிஜமா பிளக்கைப் பிடுங்கித்தான் பாக்கணும்.

ஆறு. பேக்கப். ஓடிட்டு இருக்கிற டேட்டா ஃபோல்டரைக் காப்பி பண்றது பேக்கப் இல்ல. "மைஎஸ்க்யூஎல் டம்ப்"ல "சிங்கிள் டிரான்சாக்‌ஷன்" ஆப்ஷன் போட்டு எடுங்க, இன்னோடிபிக்கு அது சீரான ஒரு நொடியோட படம் கொடுக்கும். இன்னொரு இடத்துலயும் ஒரு நகல் வையுங்க. எடுத்த பேக்கப்பை ஒரு தடவையாவது வேற மெஷின்ல ஏத்திப் பாருங்க.

ஏற்கனவே கெட்டுப் போச்சுன்னா

இங்கதான் நான் பண்ண தப்பு. ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி, டேட்டா ஃபைல் எல்லாத்தையும் அப்படியே வேற டிஸ்க்குக்கு நகல் எடுத்திருக்கணும். ரிப்பேர் சில சமயம் இருக்கிறதையும் தொலைச்சிடும். ரிப்பேர் ஓடும்போது கரன்ட் போச்சுன்னா, வேற எதுவும் பண்றதுக்கு முன்னாடி மறுபடி ரிப்பேர்தான் ஓட்டணும்.

இன்னோடிபி எழுந்திரிக்கவே இல்லன்னா "இன்னோடிபி ஃபோர்ஸ் ரிகவரி"ன்னு 1-ல இருந்து 6 வரைக்கும் ஒரு செட்டிங் இருக்கு. 1-ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்துங்க. டேபிள் படிக்க முடிஞ்ச உடனே டம்ப் எடுத்து, புது சர்வர்ல ஏத்துங்க. 4-ம் அதுக்கு மேலயும் டேட்டாவை நிரந்தரமா கெடுக்கலாம், அதை நகல் மேல மட்டும்தான் முயற்சி பண்ணணும். லாக் ஃபைலை "சும்மா இடத்தை அடைக்குது"ன்னு டெலீட் பண்ணிடாதீங்க. அதுதான் சிட்டை.

வரிசை எண்ணிக்கை குறைஞ்சதுன்னு ஒரு வரி வந்தா, டீ குடிக்கப் போகாதீங்க. ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாடியும் ஒரு ஆள் இருக்காரு.

கடைசியா

சித்தப்பா கடையில இப்ப எல்லா டேபிளும் இன்னோடிபி. யூபிஎஸ்ல புது பேட்டரி. கோடு திறந்துதான் இருந்துச்சு, ஒரு வாரம் உட்கார்ந்து டிரான்சாக்‌ஷன் போட்டுக் கொடுத்தேன். ரசீது இப்ப கமிட்டுக்கு அப்புறம்தான் அடிக்குது.

மிச்ச மூணு வரிசைக்கு என்ன பண்ணோம்? ரசீது நம்பர் தொடர்ச்சியா வரும், எந்த நம்பர் காணோம்னு தெரியும். யாரோடதுன்னுதான் தெரியாது. சித்தப்பா கடை முன்னாடி கரும்பலகையில எழுதி வெச்சாரு: "மழை பெய்ஞ்ச அன்னைக்கு சாயங்காலம் பணம் கட்டினவங்க ரசீதோட வாங்க. ரசீது தொலைஞ்சிருந்தா சும்மாவும் வாங்க." ரெண்டு பேர் வந்துட்டாங்க, அதுல ஒருத்தர்கிட்ட ரசீது இல்ல. அவர் சொன்ன தொகையையே சித்தப்பா வரவு வெச்சிட்டாரு. மூணாவது ஆள் இன்னும் வரல. பலகை இன்னும் அங்கதான் இருக்கு.

ஆமா, சித்தப்பா இப்ப கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு நோட்டும் வெச்சிருக்காரு. அட்டையில அவர் கையெழுத்துல "சிட்டை"ன்னு எழுதியிருக்கு. நான் எதுவும் சொல்லல.

உங்க வீட்டுலயோ, தெரிஞ்ச கடையிலயோ பழைய பில்லிங் சாஃப்ட்வேர் ஓடிட்டு இருந்தா, இந்த வாரம் போய் என்ன இன்ஜின்னு ஒரு தடவை பாத்துட்டு வாங்க. அடுத்த வாரம் கேஷிங், இந்தத் தடவை நிஜமா.